அழுத்திப் பிடிக்கிறவர்கள்

சின்னராசு செல்போனில் ஹலோ சொன்னதே இல்லை. எடுத்தவுடன் "கேக்குதா?" என்பார். எதிர்முனையிலிருந்து "கேக்குது" என்று வரும்வரை அடுத்த சொல் பேச மாட்டார். ஜவ்வாது மலையில் டவர் வருவதும் போவதும் காற்றடிப்பது மாதிரி. பாதிப் பேச்சு யாருக்கும் போய்ச் சேராமல் வீணாகும். அதனால் அந்த வழக்கத்தை யாரும் கேலி செய்யவில்லை.

மலை விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற உழவர் கம்பெனிக்காகக் குரல் பதிவு செய்தபோதும் அவர் அதையேதான் செய்தார். "கேக்குதா?" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகுதான் புளியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மகள் கல்பனா அந்த இடைவெளியை வெட்டிவிட்டு அவருக்குப் போட்டுக் காட்டினாள்.

"இன்னாம்மா இது? கேக்குதான்னு கேட்டுட்டு ஒடனே நானே பேசிக்கினு போறேன். அவங்க பதில் சொல்ல வாணாமா?"

"அப்பா, இது ரெகார்டிங். அவங்க சொன்னா உனக்கு எங்க கேக்கப் போவுது?"

"எனக்குக் கேக்காட்டி போவட்டும். சொல்றவங்க சொல்லிட்டுப் போறாங்க. உனக்கு இன்னா நஷ்டம்?"

கல்பனா இடைவெளியைத் திரும்ப ஒட்டினாள். கோப்பின் அளவு சற்றுக் கூடியது. அவ்வளவுதான் நஷ்டம்.

ஐப்பசி மழையில் அவர் இறந்தார். சாமை மூட்டையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தவர், மாரை அடைக்கிறது என்று சொல்லிச் சக்கரத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ பேரை அவர் ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு போன பாதையில் அன்று வேறொருவர் வண்டி ஓட்டினார். போளூர் போய்ச் சேரவில்லை. காரியம் முடிந்ததும் கல்பனா வேலூருக்குத் திரும்பி, லேப்டாப்பைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

சின்னராசு பிறந்தது ஜமுனாமரத்தூருக்கு அப்பால், புளியங்கொல்லை என்ற சிற்றூரில். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. சரிவில் சாமை விதைத்தார். வேலையற்ற மாதங்களில் ஊரோடு சேர்ந்து குடகுக்கு மிளகு பறிக்கப் போனார். அங்கே எஸ்டேட் ஜீப்பைக் கழுவுகிற வேலை கிடைத்தது. கழுவிக் கழுவி அதை நகர்த்திப் பார்க்கவும் கற்றுக்கொண்டார். லைசென்ஸோடு மலைக்குத் திரும்பியவர், மற்ற ஆண்கள் மறுபடியும் குடகுக்குப் போனபோது போகவில்லை. மூட்டையும் ஆளும் ஏற்றுகிற ஜீப்பை ஓட்டினார். உழவர் கம்பெனி ஆரம்பித்தபோது அதன் வண்டியை அவரிடம் கொடுத்தார்கள்.

அந்த வண்டியின் பேட்டரி எப்போதும் தகராறு. நிறுத்தினால் மறுபடி கிளம்புமா என்பது சந்தேகம். அதனால் ஒவ்வோர் ஊரிலும் இஞ்சினை ஓடவிட்டபடியே, ஒரு காலைப் படியில் ஊன்றி எழுந்து நின்று, இஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்துவார். "நாளைக்கு வண்டி வருது! காஞ்ச சாமையா இருந்தா எடுத்தாங்க! காயாதத எடுத்தாந்து என் தலயில கட்டாதீங்க, கீழ யாவாரி திருப்பி வுட்டுடுவான்!" பல வருஷம் கத்தியதில் அவர் தொண்டை அப்படியே நிலைத்துவிட்டது. வீட்டில் தண்ணீர் கேட்டாலும் பக்கத்து வீட்டில் சொம்பைத் தேடுவார்கள்.

கல்பனா உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, வேலூரில் கம்ப்யூட்டர் படித்து, அங்கேயே ஒரு சிறிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். உழவர் கம்பெனிக்கு ஒரு இணையச் செயலியை எழுதிக்கொடுத்தவள் அவள்தான். வாரம் ஒருமுறை உறுப்பினர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு இணைப்பு போகும். அதைத் திறந்தால் ஒரு பக்கம். இன்றைய விலை, எந்த ஊருக்கு என்றைக்கு வண்டி, அவரவர் போட்ட சரக்கின் எடை, இன்னும் சில. அதற்கெல்லாம் கீழே, 'சின்னராசு சொல்வது' என்று ஒரு இணைப்பு. புளிக் காலத்தில் புளியைப் பற்றியும், சாமைக் காலத்தில் சாமையைப் பற்றியும் அவர் பேசி வைத்தது. எப்படிக் காய வைப்பது, எதைக் கழிப்பது, எதை மூட்டையில் போட்டால் கீழே திருப்பி அனுப்புவார்கள் என்று ஜீப்பில் நின்று கத்துகிற அதே குரலில் சொல்லியிருப்பார்.

அவர் போன பிறகு கல்பனா அதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. முதல் சொல் என்ன என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வருகிற இடைவெளியையும் தெரியும்.

தை பிறந்து புளி இறங்கத் தொடங்கியதும் கம்பெனிச் செயலாளர் புருஷோத்தமன் போன் செய்தார். போளூர்க்காரர், விவசாயக் குடும்பம். பைக்கில் மலையேறி அலுவலகத்துக்கு வருகிறவர். நல்ல மனிதர். அதனால் சொல்ல வந்ததைச் சொல்லச் சிரமப்பட்டார்.

"கல்பனா, ஒரு விஷயம்மா. தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க சார்."

"நம்ம பேஜு ரொம்ப நீண்டுபோச்சாம். வெலய பாக்கறதுக்கே கீழ கீழ தள்ள வேண்டிதா கீதாம். போர்டு மீட்டிங்குல நாலே நாலு பட்டன் போதும்ன்றாங்க. எத ஜனங்க தொடறாங்க, எத தொடலன்னு உன்னால கண்டுபுடிக்க முடியுமா?"

"முடியும் சார். கிளிக் எண்ணலாம்."

"தொடாதத எல்லாம் எடுத்துடலாம்." அவர் நிறுத்தினார். "அப்பாவோடதும் அந்தக் கணக்குல வருது. தொட்டாங்கன்னா இருக்கட்டும். இல்லன்னா… போர்டுல நான் இன்னா சொல்றது?"

"புரியுது சார்."

"நீ எண்ணிக் குடு. நீ குடுக்கற கணக்க யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். போனை வைத்த பிறகு கல்பனா கொஞ்ச நேரம் மேசை மேல் தலையை வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. சோர்வாக இருந்தது. இரண்டு மாதமாகவே அப்படித்தான். மாவு பிசைந்தாலும் சோர்வு, குளித்தாலும் சோர்வு.

வேலை சிறியது. ஒரு விரல் ஓர் இணைப்பைத் தட்டியதும், 'இது தட்டப்பட்டது' என்று பக்கம் சர்வருக்கு ஒரு சிறு செய்தி அனுப்ப வேண்டும். சர்வர் அதை எண்ணி வைக்க வேண்டும். தட்டியது யார் என்று அவள் சேமிக்கவில்லை. அது யாருக்கும் தேவையில்லை. அலுவலக போன்களையும் தன் போனையும் மட்டும் அடையாளம் வைத்துக் கணக்கிலிருந்து விலக்கினாள். சோதனைக்காகத் தட்டுவதெல்லாம் எண்ணிக்கையில் சேர்ந்தால் கணக்கு கெட்டுப்போகும். தன் போனை விலக்குகிற வரியை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பிறகு எழுதினாள்.

பத்துப் பதினைந்து நாள் ஓடவிட்டுப் பார்த்தாள். விலைக்குத்தான் அதிகம். அடுத்தது வண்டி வரும் நாள். அதற்கடுத்தது எடை. வானிலைக்குக்கூட நாலைந்து பேர் வந்திருந்தார்கள்.

'சின்னராசு சொல்வது' என்பதற்கு நேரே பூஜ்யம்.

குறைவு என்றால் நம்பியிருப்பாள். பூஜ்யம் அவளை உறுத்தியது. மலையில் ஒரு ஆள்கூடத் தவறிப்போய் விரல் வைக்கவில்லையா? பூஜ்யம் என்றால் பெரும்பாலும் எழுதியவர் தவறு. ஆனால் இதை மகளாகச் சந்தேகப்படுகிறோமா, எழுதியவளாகச் சந்தேகப்படுகிறோமா என்று அவளுக்கே தெளிவில்லை. விலக்கைக் கழற்றிவிட்டு, போனில் ஒலியை அடியோடு இறக்கிவிட்டு, அந்த இணைப்பைத் தட்டினாள். சத்தமில்லாமல் ஒரு கோடு நகர்ந்தது. எண்ணிக்கை ஒன்று என்று காட்டியது. கோளாறு இல்லை. அந்த ஒன்றை அழித்துவிட்டு விலக்கைத் திரும்பப் போட்டாள்.

ஒலிக்கோப்புகள் அவளுடைய சர்வரில் இல்லை. பெரிய கோப்புகள் என்பதால் வேறோர் இடத்தில் வைத்திருந்தாள். அங்கே யார் எடுத்தார்கள் என்ற பதிவு கிடையாது. ஆகவே அந்த வழியிலும் பார்க்க முடியவில்லை. மிஞ்சியது ஒரு சந்தேகம். டவர் மோசமான இடத்தில் செய்தி வந்து சேராமல் போகிறதோ?

புருஷோத்தமனுக்குப் போன் செய்தாள். "சார், கணக்கு வந்திருச்சி. ஆனா ஒரு தபா மேல போய்ப் பாத்துட்டு வந்து குடுக்கறேன்."

"அப்பாவோடது எத்தினி?"

"பூஜ்யம்."

"போய்ட்டு வாம்மா. அம்மாவையும் பாத்தாப்புல இருக்கும். போர்டு அடுத்த வாரந்தான்."

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகப் போளூர். போளூரில் மலை பஸ். பஸ் ஏறத் தொடங்கியதும் காது அடைத்தது. எதிரில் வண்டி வருகிற ஒவ்வொரு வளைவிலும், ஓட்டுபவர் ஹாரன் அடிப்பதற்கு முன்னமே கல்பனாவின் மனம் அடித்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த பழக்கம். ஜமுனாமரத்தூரில் இறங்கி, ஆலங்காயம் போகிற பஸ்ஸில் கொஞ்ச தூரம் போய், புளியங்கொல்லைக்குப் பிரிகிற வளைவில் இறங்கினாள்.

அந்த வளைவில்தான் டவர் கிடைக்கும். ஊருக்குள் கிடைக்காது. அதனால் அங்கே எப்போதும் நாலு பேர் போனோடு நிற்பார்கள். அன்று ஒருத்திதான் இருந்தாள். பாலத்துச் சுவர் மேல் உட்கார்ந்திருந்த தேவி, சின்னராசுவின் தங்கை.

"ஏய், கல்பனா! சொல்லாத கொள்ளாத வந்துக்கீற? சாப்டியா? இன்னாடி இது, கன்னமெல்லாம் ஒட்டிப் போயி. வேலூர்ல சோறு போட மாட்றாங்களா?"

"சாப்டேன் அத்தே. நீ இன்னா இங்க?"

"வெல பாக்க வந்தேன். அப்படியே எங்கண்ணன இறக்கிக்கினு போவணும்."

கல்பனாவுக்குப் புரியவில்லை. "யார?"

"எங்கண்ணனடி. உங்கப்பன. மெமரி ஃபுல்லு, ஃபுல்லுன்னு இந்தப் போனு உயிர வாங்குச்சி. எல்லாத்தையும் அழிச்சி வுட்டுட்டேன். பாத்தா அவரும் சேந்து போய்ட்டாரு. குட் மார்னிங் போடறவன் ஒழிய மாட்றான், நம்ம ஆளு போய்ட்டாரு பாரு."

"அத்தே, இரு. மொதல்ல வெலய பாரு. நான் பாக்கறேன்."

"எதுக்கு?"

"சும்மா பாரு."

தேவி பக்கத்தைத் திறந்து விலையைத் தட்டினாள். கல்பனா தன் போனில் எண்ணிக்கையைப் பார்த்தாள். ஒன்று கூடியது. இந்த வளைவிலிருந்து செய்தி ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. டவரைக் குற்றம் சொல்ல முடியாது.

"இப்ப அப்பாவோடது."

தேவி பக்கத்தைக் கீழே தள்ளி, 'சின்னராசு சொல்வது' என்பதன் மேல் கட்டைவிரலை வைத்தாள். எடுக்கவில்லை. எறும்பை நசுக்குகிறவள் மாதிரி அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். திரையில் ஒரு மெனுப் பட்டி எழும்பியது. அதில் 'பதிவிறக்கு' என்று இருந்ததைத் தொட்டாள். மேலே ஒரு சின்ன அம்புக்குறி இறங்க ஆரம்பித்தது.

கல்பனா எண்ணிக்கையைப் பார்த்தாள். பூஜ்யம்.

"அத்தே, அத தட்ட மாட்டியா நீ?"

"தட்டுனா இன்னாவுறது? இங்கியே சுத்திக்கினு நிக்கும். பாதி பேசும், மீதிய முழுங்கிடும். வூட்டுக்கு எடுத்துக்கினு போவ முடியாது. வெலய தட்டு, அண்ணன அழுத்திப் புடி. அவ்ளோதான்."

"யாரு சொன்னா இப்படி?"

"வேற யாரு? அவருதான். இஞ்சின ஓட வுட்டுக்கினு, ஒருத்தர் ஒருத்தரா கூப்ட்டு வெரலப் புடிச்சி அழுத்திக் காட்டுனாரு. மேல்கொல்லயில ஒரு பொம்பள, தட்டித் தட்டி அலுத்துப்போயி, இதுல பேயி கீதுன்னுச்சாம். பேயி இல்ல, பொறுமதான் இல்ல, அழுத்திப் புடின்னாரு. மலயில எந்த ஊர்ல வேணா போய்க் கேளு. எல்லாரும் இப்படித்தான்."

கல்பனா சுவரில் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரல் திரையைத் தொட்டு உடனே விலகினால்தான் அது தட்டல். விலகாமல் நின்றால், போன் அந்த விரலைப் பக்கத்திடம் விடாது. தானே பிடுங்கிக்கொண்டு தன்னுடைய பட்டியைக் காட்டும். அங்கிருந்து கோப்பு நேராக இறங்கிவிடும். நடந்தது எதுவும் அவள் எழுதிய வரிகளுக்குத் தெரியாது. இதெல்லாம் அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். தோன்றவில்லை.

அப்பாவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. ஸ்டியரிங்கும் மூட்டையும் பிடித்துக் காய்த்துப்போன விரல். புதுப் போன் வாங்கிய நாள்களில் லேசாகத் தட்டினால் அது எடுக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவார். "மெதுவாப்பா, ஸ்க்ரீன் ஒடைஞ்சிடும்" என்று அவள் திட்டுவாள். அப்படி அழுத்தியதில்தான் இந்தப் பட்டியை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"இறங்கிட்டாரு" என்றாள் தேவி, அம்புக்குறி நின்றதைப் பார்த்து. "வா, வூட்டுக்குப் போலாம். உங்கம்மா அங்கதான் கீறா."

தேவியின் வாசலில் சாக்கை விரித்துப் புளியைக் கொட்டி வைத்திருந்தார்கள். ஐந்தாறு பெண்கள் ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வட்டத்தின் ஓரத்தில் ராணியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் எழவில்லை. கை புளியில் இருந்தது. "வந்தியா" என்றாள். கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். கல்பனா உட்கார்ந்தாள். அம்மாவின் தோள் இன்னும் இளைத்திருந்தது.

தேவி போனைத் தண்ணீர் சொம்புக்குள் நட்டு வைத்தாள். சொம்பு காலி. அதில் வைத்தால் சத்தம் கூடும்.

"கேக்குதா?" என்றார் சின்னராசு.

"கேக்குது, கேக்குது, சொல்லு!" என்றார்கள் பெண்கள், தலை நிமிராமல், ஒரே குரலாக. ஒருத்தி மட்டும் பிந்தி, "இன்னாத்துக்குக் கத்தற? இங்கதான கீறோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடைவெளி சரியாக அந்தச் சிரிப்பின் அளவுக்கு இருந்தது.

பிறகு அவர் பேசினார். "புளிய தார் ரோட்டுல காய வெக்காதீங்க. வண்டி ஏறும், மண்ணு ஒட்டும். ஈரக் கையோட உருட்டாதீங்க, பூஞ்சணம் பூக்கும். ஓடு ஒரு துண்டு இருந்தாலும் கீழ கழிச்சுடுவான்…"

"ஏ, கைய தொடச்சிக்கோடி, அண்ணன் பாத்துக்கினு கீறாரு" என்று தேவி பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். "இத கேக்காட்டி கை ஓட மாட்டேங்குது கல்பனா. வேல செய்யச் சொல்லி எவனாவது கத்திக்கினே இருக்கணும்."

கல்பனா ஒரு புளியை எடுத்து ஓட்டை உடைத்தாள். நார் சரியாக உரியவில்லை. அவளுக்குப் பார்வை மங்கியது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். அம்மா அவள் கையிலிருந்த புளியை வாங்கி, நாரை ஒரே இழுப்பில் உரித்து, திருப்பிக் கொடுத்தாள்.

"நீ பதில் சொல்ல மாட்டியாம்மா?" கல்பனா தணிந்த குரலில் கேட்டாள்.

"நானா? இருக்கும்போதே எத்தினி தபா சொல்லிக்கீறேன். கேக்குது, கேக்குதுன்னு." ராணியம்மாள் கொட்டையைத் தட்டினாள். "சும்மா கேக்கறேன். அதுக்குத்தான வர்றேன். புளி நம்ம வூட்லியும்தான் கீது."

சற்றுக் கழித்துக் கேட்டாள். "எடுத்துடப் போறாங்களாமே? புருஷோத்தமன் வந்தப்ப பேசிக்கினாங்க."

"பாக்கலாம்மா."

"இவளுங்க போன்ல அது ஒரு வாரம் நிக்காது. அழிச்சி அழிச்சி எடுப்பாளுங்க. அங்க இல்லன்னா எங்கேருந்து எடுப்பாளுங்க?"

கல்பனா அடுத்த புளியை எடுத்தாள்.

மறுநாள் காலை ஜமுனாமரத்தூர் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலையைச் செய்தாள். பக்கம் விரலைப் பார்த்து எண்ணுகிற முறையை எடுத்துவிட்டாள். எல்லா இணைப்புகளையும் முதலில் தன் சர்வருக்கே வருகிற மாதிரி மாற்றினாள். தட்டினாலும் சரி, அழுத்திப் பிடித்து இறக்கினாலும் சரி, வருகிற ஆள் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலில் எண்ணிவிட்டு, சர்வர் அவரைக் கோப்பு இருக்கும் இடத்துக்கு அனுப்பிவிடும். விலக்க வேண்டிய போன்களை இங்கேயும் விலக்கினாள். புருஷோத்தமன் டீயோடு வந்து பின்னால் நின்று திரையைப் பார்த்தார். அவருக்குத் திரையில் எதுவும் புரியாது. ஆனாலும் நின்றார்.

"அப்போ இத்தினி நாளா எண்ணுனது தப்பா?"

"தட்டுனத எண்ணுனது சரி சார். அழுத்துனது அதுல வரல."

"யாரும்மா போன அழுத்துவாங்க?"

"நீங்க மலக்காரங்கள கேட்டுப் பாருங்க."

அவர் வாசலில் மூட்டையோடு நின்ற ஒருவரைக் கூப்பிட்டு, சின்னராசு சொல்வதை எடுத்துக் காட்டச் சொன்னார். அந்த ஆள் துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டு, திரையில் வைத்து, அழுத்திப் பிடித்தார். பிடித்த கையை எடுக்காமலே, "சின்னராசண்ணன் சொல்லிக் குடுத்ததுங்க" என்றார். புருஷோத்தமன் டீயைக் கீழே வைத்தார்.

"எம்மா, போர்ட ஒரு வாரம் தள்ளி வெக்கிறேன்."

கல்பனா அந்த வாரம் அம்மாவோடு இருந்து, அலுவலகத்திலேயே வேலை பார்த்தாள். புது எண்ணிக்கை முதல் நாளே நகர ஆரம்பித்தது. அவளுக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. ஒரு பாரத்தை இறக்கி வைத்த பிறகும் தோள் வலிப்பது போல இருந்தது. வாரக் கடைசியில் கணக்கை அச்செடுத்துப் புருஷோத்தமனிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். விலை முதலில். அடுத்த இடத்தில் சின்னராசு. வண்டி வரும் நாள் அவருக்குக் கீழே போயிருந்தது.

"இன்னாம்மா இது, வண்டி நாளையே தாண்டிட்டாரு?" கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். கேட்கத் தயங்கினார். கேட்டுவிட்டார். "இதுல நீ எதுவும்…"

"என் போன் கணக்குல இல்ல சார். ஆபீஸ் போனும் இல்ல."

"தெரியும்மா. போர்டுல கேப்பாங்க, அதான் கேட்டேன்." அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ரெண்டாவது பட்டன் அப்பாவோடது. நானே சொல்லிடறேன்."

போர்டு ஒப்புக்கொண்ட மறுநாளே பக்கத்தை மாற்றிவிட்டு அவள் வேலூருக்குக் கிளம்பினாள். ராணியம்மாள் உருட்டிய புளியை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். வளைவுவரை கூட வந்தாள்.

"இருக்குமில்ல?" என்றாள்.

"இருக்கும்மா."

"சரி. தேவி வூட்ல வேல கீது. நான் போறேன்." அவள் திரும்பிப் பார்க்காமல் ஊர்ப் பக்கம் நடந்தாள். புளி உடைக்க ஆரம்பிக்கிற நேரம்.

பஸ் வரவில்லை. கல்பனா பாலத்துச் சுவரில் உட்கார்ந்து போனை எடுத்தாள். நாலே பட்டன். இரண்டாவதின் மேல் கட்டைவிரலை வைத்தாள். பழக்கத்தில் விரல் உடனே விலகப் பார்த்தது. விலக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பிடித்தாள். பட்டி எழும்பியது. பதிவிறக்கு என்பதைத் தொட்டாள். அம்புக்குறி இறங்கியது, டவர் போய்க் கொஞ்ச நேரம் நின்றது, மறுபடி இறங்கியது. முடிந்தது.

அவள் அதைத் திறக்கவில்லை. இனி அதற்கு டவர் தேவையில்லை. எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

கீழ்வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. எழுந்து பையைத் தோளில் போட்டாள். வழக்கம்போல எண்ணிக்கையையும் ஒருமுறை பார்த்தாள். கூடவில்லை. தன் போனை விலக்கிய வரி சரியாகத்தான் வேலை செய்தது.